பழைய பாலியோவில் முன் ஸ்ட்ரட் மாற்றுவது எப்படி: ஏற்காடு வளைவுகளுக்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலை

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டியின் மூக்கு கவிழ்ந்து, இடது முன்பக்கம் "டொக்" என்றால் அந்தச் சத்தத்துக்கான வேலைதான் இது. என்னிடம் இருப்பது ஃபியட் பாலியோ 1.6. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சிரிக்கலாம், ஆனால் அந்தக் காலத்தில் நம் ஊரில் வேகத்துக்காக வாங்கிய வண்டி இது. முன்பக்கம் எடை அதிகம் என்பதால் ஸ்ட்ரட், அதாவது முன்சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங்கோடு நின்று குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய், சீக்கிரமே களைத்துவிடும்.

இந்த வேலையை மூன்று தடவை செய்திருக்கிறேன். இன்னும் சிலர் முதல் தடவை செய்யும்போது பக்கத்தில் நின்று டார்ச் பிடித்திருக்கிறேன். ஸ்பேனர் பிடிப்பது எல்லோருக்கும் அரை மணி நேரத்தில் கைவந்துவிடுகிறது. எந்த நட்டை எப்போது தொடலாம், எதை அதுவரை தொடவே கூடாது என்பதில்தான் சறுக்குகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். மாருதி எஸ்டீம் போன்ற மற்ற பழைய வண்டிகளுக்கும் பெரும்பாலும் இதே முறைதான். மாறும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

1. முதலில், சத்தம் ஸ்ட்ரட்டிலிருந்துதானா?

புது ஸ்ட்ரட் மாட்டிய பிறகும் அதே சத்தம் வந்தால் பணமும் போச்சு, ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. அதனால் வாங்குவதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள்.

முன் ஃபெண்டரை இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். மேலே வந்து ஒரு தடவையில் அடங்கினால் ஸ்ட்ரட்டில் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை ஆடினால் இல்லை. ஆனால் இதில் பாஸ் ஆனாலே ஸ்ட்ரட் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். துருப்பிடித்து இறுகிய ஸ்ட்ரட்டும் ஆடாமல்தான் நிற்கும். டார்ச் அடித்து ஸ்ட்ரட் உடம்பைப் பாருங்கள். லேசான ஈரத் தூசு பரவாயில்லை, எண்ணெய் வழிந்து கீழே தடம் போட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது, பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலை மேல், அதாவது டாப் மவுண்ட் மேல் விரல் வையுங்கள். ஒருவரை உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பச் சொல்லுங்கள். விரலுக்குக் கீழே "டொய்ங்" என்று ஸ்பிரிங் துள்ளினால் பேரிங் இறுகிவிட்டது. கொண்டை ஊசி வளைவில் மெதுவான வேகத்தில் ஸ்டியரிங்கைக் கிட்டத்தட்ட முழுசாகத் திருப்புகிறோம். அப்போது ஸ்பிரிங் சுழல விடுவது இந்தப் பேரிங்தான். சமவெளியிலேயே ஓடும் வண்டியில் இது அவ்வளவாகத் தெரியாது.

மூன்றாவது, சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும். ஆட்டம் தெரிந்தால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளான பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆண்டி ரோல் பாரின் லிங்க் தேய்ந்திருந்தாலும் ஸ்பீடு பிரேக்கரில் அச்சு அசலாக ஸ்ட்ரட் மாதிரியே சத்தம் போடும்.

2. என்னென்ன வாங்க வேண்டும்

ஸ்ட்ரட் இரண்டு. ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசுமாக இருந்தால் பிரேக் அடிக்கும்போதும் வளைவிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது.

கூடவே டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுசாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் தடுப்பு), தூசு உறை, ஸ்பிரிங்கின் மேலும் கீழும் உட்காரும் ரப்பர். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கஞ்சத்தனம் செய்கிறார்கள். மொத்த உழைப்பில் முக்கால்வாசி ஸ்ட்ரட்டைக் கழற்றுவதற்கே போகிறது. சின்ன ரப்பர் ஒன்றை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து அதற்காகவே மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றுவதை யோசித்துப் பாருங்கள். பம்ப் ஸ்டாப் உதிர்ந்த ரஸ்க் மாதிரி பொடியாகிவிட்டிருந்தால், இறக்கத்தில் பிரேக் அடிக்கும்போது இரும்பில் இரும்பு மோதும். புது ஸ்ட்ரட்டும் அதில் சீக்கிரம் போய்விடும்.

பாலியோ நிறுத்தப்பட்டுப் பல வருடம் ஆகிறது. கடையில் "இதே மாடல்தான், மாட்டிக்கலாம்" என்று எதையாவது எடுத்து நீட்டுவார்கள். இடது வலது பார்த்து வாங்குங்கள், இரண்டுக்கும் பிராக்கெட் எதிரெதிர்த் திசையில் இருக்கும். பழைய பார்ட் நம்பர் தெரிந்தால் எழுதிக்கொண்டு போங்கள். எப்படியிருந்தாலும் கழற்றியதும் பழசையும் புதுசையும் பக்கத்தில் படுக்கவைத்து ஒப்பிடாமல் மாட்டாதீர்கள். ஸ்பிரிங் தட்டின் உயரம், கீழ் ஓட்டைகளுக்கு இடையிலுள்ள தூரம், பிரேக் ஹோஸ் கிளிப் இருக்கும் இடம், ஸ்ட்ரட்டுக்குள் போய்வரும் ராடின் மரை ஆகிய நான்கும் பொருந்த வேண்டும்.

நட்டு, போல்ட்டும் புதுசு வேண்டும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு ஒரு தடவை கழற்றினால் பிடி விட்டுவிடும். போல்ட் தலையில் 8.8, 10.9 என்று எண் அடித்திருக்கும், அது அதன் பலம். நான் போல்ட் கடையில் கேட்டபோது நடந்தது:

"அண்ணே, இதே அளவுல 10.9 போல்ட் நாலு வேணும்."

"8.8 இருக்கு தம்பி. எல்லாம் ஒண்ணுதான், கொண்டு போங்க."

ஒன்று இல்லை. அதே எண் கிடைக்கும் வரை அடுத்த கடைக்குப் போங்கள், அல்லது பழைய போல்ட் நல்ல நிலையில் இருந்தால் சுத்தம் செய்து அதையே போடுங்கள்.

3. கருவியும் இடமும்

சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர், நீளக் கைப்பிடி, ராடைப் பிடிக்க அலன் கீ, டார்க் ரென்ச் (நட்டைக் குறிப்பிட்ட பலத்துக்கு, அதாவது டார்க் அளவுக்கு, இறுக்க உதவும் ஸ்பேனர்), ஜாக், ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, ஸ்பிரிங் கம்ப்ரஸர், கம்பி பிரஷ், கட்டுக்கம்பி, பெயிண்ட் மார்க்கர். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலும் வேண்டும். டார்க் அளவுகளை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதிலிருந்து எடுக்கக் கூடாது.

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். ஜாக் ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் வைப்பதை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். அந்தக் கல் விரிசல் விடும்போது முன்னறிவிப்பு எதுவும் தராது, ஒரே நொடியில் நொறுங்கிவிடும். அதன் கீழ் தலையைக் கொண்டுபோகாதீர்கள்.

சேலம் வெயிலில் பதினோரு மணிக்கு மேல் வெட்டவெளியில் ஸ்பேனரைத் தொட முடியாது. காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். முதல் தடவை என்றால் ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. முந்தின இரவு

சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டான நக்கிளோடு ஸ்ட்ரட்டை இணைக்கும் இரண்டு போல்ட், லிங்கின் நட்டு, டாப் மவுண்டின் நட்டு ஆகியவற்றைக் கம்பி பிரஷால் தேய்த்து, துருநீக்கி ஸ்பிரேயை நன்றாக அடித்துவிட்டுத் தூங்கப் போங்கள். பிரேக் டிஸ்க்கில் படாமல் துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். காலையில் அடித்துவிட்டு உடனே முறுக்கினால் நட்டின் முனைதான் மழுங்கும். எண்ணெய் மரைக்குள் ஊறுவதற்கு நேரம் வேண்டும்.

5. தூக்குவது

வண்டி தரையில் நிற்கும்போதே வீல் போல்ட்களைக் கால் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரம் சுற்றும், வண்டி ஸ்டாண்டில் ஆடும்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டியில், முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கியரில் போட்டிருப்பதால் பயன் இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பழைய வண்டிகளில் கதவுக்குக் கீழுள்ள ஜாக் முனை துருப்பிடித்து உள்வாங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்து, கெட்டியான இடத்தில் மட்டும் ஸ்டாண்டை வையுங்கள்.

இரண்டு பக்கமும் தூக்குங்கள், ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். எந்த ரப்பர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குழம்பும்போது போய்ப் பார்க்க மறுபக்கம் முழுசாக இருக்கும். போனில் எடுத்த படத்தைவிட அது உதவும்.

6. கழற்றும் வரிசை

சக்கரத்தை எடுத்ததும், ஸ்ட்ரட் பிராக்கெட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்த ஓட்டைகளில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அதில் நக்கிள் நகர்ந்தால் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், மாறிவிடும். கோடு இருந்தால் அலைன்மெண்ட் கடை வரையிலாவது நேராக ஓட்டிப் போகலாம்.

அடுத்து, பிரேக் ஹோஸையும், இருந்தால் ஏபிஎஸ் வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். லிங்க் ஸ்ட்ரட்டோடு இணைந்த மாடல் என்றால் அதையும் கழற்றுங்கள்.

நக்கிளைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கைத் தொட்டும் தொடாததுமாக வையுங்கள். நக்கிளை மேலேயே கட்டிவைக்கக் கட்டுக்கம்பி எடுத்துத் தயாராக வையுங்கள். இதை விட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே விபத்துதான். கீழ் போல்ட் இரண்டும் வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும், பிரேக் ஹோஸ் இழுபடும், இன்ஜின் பக்கமிருந்து சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் கழன்றுகொள்ளும். ஒரு நண்பருக்கு கிரீஸ் வழிந்து, ஜாயிண்டின் ரப்பர் உறையான பூட் கிழிந்து, அரை நாள் வேலை மூன்று நாளானது.

கீழ் போல்ட்டில் நட்டைத்தான் சுற்ற வேண்டும். பல வண்டிகளில் போல்ட்டின் கழுத்தில் பற்கள் இருக்கும், போல்ட்டைச் சுற்றினால் ஓட்டையை அரித்துவிடும். நட்டை நுனி வரை தளர்த்தி, மரை முனை அதற்குள் இருக்கும்படி விட்டு, பித்தளைத் தண்டு வைத்துத் தட்டி வெளியே எடுங்கள். ஃபோர்டு ஐகான் மாதிரி வண்டியில் இரண்டு போல்ட் இருக்காது. நக்கிளின் வாய்க்குள் ஸ்ட்ரட் குழாய் இறங்கி ஒரே போல்ட்டில் இறுகியிருக்கும், அந்த வாயைக் கொஞ்சம் விரித்தால்தான் வெளியே வரும்.

டாப் மவுண்டைப் பாடியோடு பிடிக்கும் நட்டுகளைக் கடைசியாகக் கழற்றுங்கள். ஒரு கை கீழே ஸ்ட்ரட்டைத் தாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் விழும்.

நடுவில் இருக்கும் பெரிய நட்டு, ராடின் தலையில் இருப்பது, அதை இப்போது தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கை அந்த ஒரு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. "எல்லாத்தையும் லூஸ் பண்ணிடலாம்" என்று ஆர்வத்தில் அதையும் சுற்றியவரைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, இரண்டு சுற்றிலேயே நிறுத்திவிட்டோம்.

7. ஸ்பிரிங்கை அமுக்குவது

ஆபத்து அதிகம் உள்ள இடம் இதுதான். கம்ப்ரஸர் இல்லையென்றாலும், இருந்து கை நடுங்கினாலும், வெட்கப்படாமல் கழற்றிய ஸ்ட்ரட்டைத் தூக்கிக்கொண்டு நல்ல பெஞ்ச் கம்ப்ரஸர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பாகங்களை மாற்றித் தரச் சொல்லி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன்.

வீட்டிலேயே செய்வதானால், கம்ப்ரஸரின் மரையில் கிரீஸ் தடவுங்கள். இரண்டு கொக்கிகளும் ஸ்பிரிங்கின் நேரெதிர்ப் பக்கங்களில், முடிந்தவரை அதிக வளையங்களைப் பிடிக்கும்படி உட்கார வேண்டும். ஒரு பக்கம் இரண்டு சுற்று, அடுத்து மறுபக்கம் இரண்டு சுற்று. ஒரே பக்கத்தை இறுக்கிக்கொண்டே போனால் ஸ்பிரிங் வாழைக்காய் மாதிரி வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். கையால்தான் சுற்ற வேண்டும், இம்பாக்ட் கன் இங்கே வேண்டாம்.

ஸ்பிரிங்கின் எந்த முனையும் உங்கள் முகத்தையோ, பக்கத்தில் நிற்பவரையோ பார்க்கக் கூடாது. குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள். பழைய போர்வையால் சுற்றிவைத்தால் கொஞ்சம் தைரியம் வரும், ஆனால் அது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

எவ்வளவு அமுக்க வேண்டும்? தட்டில் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங்கைக் கையால் திருகினால் சுழல வேண்டும். அவ்வளவு போதும். அதற்கு மேல் அமுக்கினால் ஆபத்துதான் கூடும்.

இப்போது நடு நட்டு. ராடின் நுனியில் அலன் கீயை நுழைத்துப் பிடித்து, ரிங் ஸ்பேனரால் நட்டைச் சுற்றுங்கள். ராடு கூடவே சுற்றுகிறதே என்று பளபளக்கும் பகுதியை பிளையரால் பிடித்துவிடாதீர்கள். அதில் விழும் ஒரு கீறல் போதும், போகும்போதும் வரும்போதும் சீலை அறுத்து ஒரு மாதத்தில் எண்ணெய் ஒழுகும்.

கழற்றும்போது மேலிருந்து கீழ்வரை வந்த வரிசையிலேயே ஒரு சாக்குத் துணியில் அடுக்குங்கள்: நட்டு, மவுண்ட், பேரிங், மேல்தட்டு, ரப்பர், ஸ்பிரிங், உறை, பம்ப் ஸ்டாப்.

8. புதுசைக் கோப்பது

புது ஸ்ட்ரட்டைச் செங்குத்தாக நிறுத்தி, ராடை மெதுவாக முழுசாக அழுத்தி, பிறகு மெதுவாக இழுங்கள். நான்கைந்து தடவை. கடையில் படுத்துக் கிடந்திருந்தால் உள்ளே காற்று எண்ணெயோடு கலந்திருக்கும், அது மேலே ஏறிப் போக வேண்டும். அதன் பிறகு படுக்கவைக்காதீர்கள்.

பம்ப் ஸ்டாப், உறை, ஸ்பிரிங், ரப்பர், மேல்தட்டு, பேரிங், மவுண்ட் என்று பழைய வரிசையில் ஏற்றுங்கள். பேரிங் தலைகீழாகப் போனால் முதல் வளைவிலேயே கரகரக்கும். பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பார்த்துப் போடுங்கள்.

என் இரண்டாவது முயற்சியில் நான் செய்த தவறு இங்கேதான். கீழ்த்தட்டில் ஒரு சின்னப் படி இருக்கும். ஸ்பிரிங்கின் அறுபட்ட முனை அந்தப் படியில் முட்டி நிற்க வேண்டும். என்னுடையது அரை விரல் தள்ளி நின்றிருந்தது, நான் கவனிக்கவில்லை. சேலம் தெருக்களில் ஒன்றும் தெரியவில்லை. ஏற்காடு ஏறும்போது ஏழாவது வளைவில் ஸ்பிரிங் சுழன்று படிக்குள் விழுந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். வண்டியை ஓரம் கட்டி, பின்னால் வந்த பஸ்காரரிடம் திட்டு வாங்கி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

நடு நட்டைப் புதுசாகப் போட்டு டார்க் அளவுக்கு இறுக்கிவிட்டு, அதற்குப் பிறகே கம்ப்ரஸரை இரண்டு பக்கமும் மாறி மாறித் தளர்த்துங்கள். தளரும்போது ஸ்பிரிங் முனை படியிலேயே இருக்கிறதா என்று கண் அங்கேயே இருக்கட்டும்.

9. திரும்ப மாட்டுவது

மேல் நட்டுகளை விரலால் சில மரை மட்டும் ஏற்றுங்கள். ஸ்ட்ரட் தொங்கட்டும். கீழே நக்கிளைத் தூக்கி, ஓட்டைகளை நேராக்கி, போல்ட்களை முதலில் இருந்த திசையிலேயே நுழையுங்கள். மேலே முதலில் முழுசாக இறுக்கிவிட்டால் கீழ் ஓட்டைகள் ஒத்துவராமல் சுத்தியலைத் தேட வேண்டியிருக்கும்.

மார்க்கர் கோடு சேரும்படி நக்கிளை அழுத்திப் பிடித்துக் கீழ் போல்ட்களை டார்க்கில் இறுக்குங்கள். புது ஸ்ட்ரட்டில் பழைய கோடு இருக்காதே என்று கேட்டால், சரிதான். பழைய பிராக்கெட்டின் விளிம்பு நக்கிளில் விட்ட தடத்தை வைத்துப் பொருத்துங்கள். ஹோஸ், வயர், லிங்க் எல்லாம் திரும்பப் பழைய இடத்துக்கு. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், ஹோஸ் எங்கும் முறுக்கிக்கொண்டோ உரசிக்கொண்டோ இருக்கக் கூடாது.

ஃபியட்டில் சக்கரத்துக்கு நட்டு கிடையாது, போல்ட்தான். சக்கரத்தைத் தொங்கவிட ஸ்டட் இல்லாததால் கால் பெருவிரலால் தாங்கிக்கொண்டு முதல் போல்ட்டை நுழைக்க வேண்டியிருக்கும். எரிச்சலான வேலைதான்.

பிறகு மறுபக்கம். இது பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

10. தரையில் இறக்கிய பின்

வீல் போல்ட்களைக் குறுக்காக, டார்க் ரென்ச்சால். மேல் நட்டுகளை முழு அளவுக்கு இப்போது இறுக்கலாம்.

இதே சமயத்தில் லோயர் ஆர்மும் மாற்றியிருந்தால், அதன் ரப்பர் இணைப்பான புஷ்ஷின் போல்ட்களைச் சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். புஷ்ஷின் ரப்பர் உள் குழாயோடு ஒட்டியிருக்கும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரம் முழுவதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவசரத்தில் அப்படி இறுக்கிக் கொடுத்தார்கள், நான்காவது மாதம் புஷ் கிழிந்து தொங்கியது. கேட்டதற்கு "பார்ட்ஸ் குவாலிட்டி சரியில்ல சார்" என்றார்கள்.

இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும், பக்கத்து இரும்பையும் தொடும்படி ஒரு மார்க்கர் கோடு இழுங்கள். பின்னால் கண்ணாலேயே தெரியும், நகர்ந்ததா இல்லையா என்று.

11. அலைன்மெண்ட், பிறகு மலை

வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டி, முன்பக்கத்தை அழுத்தி விட்டு, ரப்பர்கள் உட்கார விடுங்கள். அன்றைக்கே அலைன்மெண்ட் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போங்கள். கேம்பர் மாறினால் டோவும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறும். அதைச் சரிசெய்யாமல் ஓடினால் சில நூறு கிலோமீட்டரிலேயே டயரின் ஒரு ஓரம் தேயத் தொடங்கும். டோ மட்டும் வைத்துவிட்டு "முடிஞ்சுது" என்பார்கள், கேம்பர் அளவையும் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் ஊருக்குள் ஸ்பீடு பிரேக்கர்களில் ஏறி இறங்கி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். அடுத்த நாள் கோரிமேடு வழியாக அடிவாரம் வரை போய், அங்கே நிறுத்தி பானட்டைத் திறந்து மார்க்கர் கோடுகளைப் பாருங்கள். நகரவில்லை என்றால் மேலே ஏறலாம். 20 வளைவுகளையும் ஏறும்போது எடை பின்பக்கம் சாய்வதால் முன் ஸ்ட்ரட்டுக்கு அவ்வளவாகச் சோதனை இல்லை. இறங்கும்போதுதான் பிரேக், திருப்பம், எடை மூன்றும் சேர்ந்து முன்பக்கம் விழும். இரண்டாவது கியரில் இறங்கி, ஒவ்வொரு வளைவிலும் காதைக் கொடுங்கள்.

கீழே வந்ததும் வண்டி ஆறட்டும். பிறகு சக்கரத்துக்கு உள்ளே டார்ச் அடித்து ஹோஸைப் பாருங்கள், வீல் போல்ட்களில் டார்க் ரென்ச்சை ஒரு தடவை வையுங்கள். என் வண்டியில் அப்படிப் பார்த்தபோது வலது பக்கத்தில் ஒரு வீல் போல்ட் கால் சுற்று எடுத்தது.